குடும்பக் குழுவிலும் வாடகை வீட்டிலும்: முஸ்லிம்கள் மீதான தப்பெண்ணத்தை எதிர்கொள்ளும் வழிகள்

தமிழ்நாட்டில் முஸ்லிம்களைப் பற்றிய தப்பெண்ணம் மேடைப் பேச்சாக நம்மை வந்தடைவதைவிட, காலை வணக்கப் படத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில், நாம் மதிக்கும் ஒரு பெரியப்பாவின் எண்ணிலிருந்து வருவதே அதிகம். எனவே தொடங்க வேண்டிய இடமும் அந்த வாட்ஸ்அப் குழுதான்.

வந்தது காணொளி என்றால் பதில் எழுதுமுன் அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைப் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது, வண்டியின் பதிவெண் எந்த மாநிலத்துடையது, பின்னணியில் கேட்பது என்ன மொழி என்று கவனித்தாலே பல பொய்கள் அங்கேயே உடைந்துவிடும். மிஞ்சியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேட உதவும் கூகுள் லென்ஸில் தேடினால், பழைய காட்சி புதுக் கதையோடு சுற்றிவருவது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்து, குழுவில் பாய்ந்துவிடாமல் அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். "பெரியப்பா, இது நம்ம ஊர்ல எடுத்தது இல்ல, பின்னாடி கடை போர்டு வங்காளத்துல இருக்கு, நீங்களே எடுத்துடுங்களேன்" என்பது போதும். அனுப்பியவர் எல்லோருக்குமாக நீக்குவதற்கு வாட்ஸ்அப் சுமார் இரண்டரை நாள்தான் தருகிறது என்பதால் தாமதிக்க வேண்டாம். அவர் மறுத்தால் மட்டும் குழுவில் இரண்டு வரி எழுதுங்கள். அது அவருக்காக அல்ல, பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக.

"அவர்கள் பெருகி நம்மை மிஞ்சிவிடுவார்கள்" என்ற பேச்சுக்குச் சற்று உழைத்துப் பதில் தேட வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 1992-93இல் 4.4 ஆக இருந்த குழந்தைப் பேறு 2019-21இல் ஏறத்தாழ 2.4 ஆகக் குறைந்தது. இந்துப் பெண்களிடையே அது 3.3இலிருந்து 1.9 ஆயிற்று. இடைவெளி இன்னும் இருக்கிறது, அதை மறைத்தால் நம் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பிகார் இந்துக்களின் குழந்தைப் பேற்று விகிதம் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் விகிதத்தைவிட அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதில் மதத்தைக் காட்டிலும் பெண்களின் படிப்பும் மருத்துவ வசதியும் பேசுகின்றன என்பது அப்போது விளங்கும். 2020இல் டெல்லியில் தப்லீக் என்ற முஸ்லிம் சமய அமைப்பு நடத்திய மாநாட்டை வைத்து முஸ்லிம்கள் மீது கொரோனாப் பழி சுமத்தப்பட்டதை யாராவது கிளறினால், அதில் கலந்துகொண்ட வெளிநாட்டினர் மீதான வழக்குகளை அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்துசெய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டதாகவே கருதியதை நினைவூட்டலாம்.

வாதத்தில் ஒரு பொறி உண்டு. அப்துல் கலாமையும் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரையும் சான்றுக்கு அழைக்கும்போது, சாதித்தால்தான் மரியாதை என்று நாமே ஒப்புக்கொள்கிறோம்; முனையில் டீக்கடை வைத்திருக்கும் பாய் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. "உங்களைப் பார்த்தா முஸ்லிம் மாதிரியே தெரியலையே" என்ற பாராட்டும், "நீங்க தமிழா, முஸ்லிமா?" என்ற கேள்வியும் நம் வாயிலிருந்தே வருபவை, முதலில் அவற்றை விட வேண்டும்.

வன்முறைக்குத் தூண்டும் பதிவென்றால் உறவு பார்க்காமல் நாள், நேரம், எண் தெரியும்படி படமெடுத்துக் காவல்துறையிடம் புகார் கொடுங்கள். மத அடிப்படையில் பகை வளர்ப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்கீழ்க் குற்றம்.

வாடகை வீட்டில் சட்டம் அவ்வளவாகக் கைகொடுக்காது. மதப் பாகுபாடு கூடாத இடங்களாக அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடைகளையும் விடுதிகளையும் சொல்கிறது, தனியார் வாடகை வீட்டைச் சொல்வதில்லை. முகத்துக்கு நேரே மறுப்பவர் குறைவு. பெயரைக் கேட்டதும் வீடு "நேத்துதான் முடிஞ்சுது" என்றாகிவிடும், இல்லையேல் "சைவம் மட்டும்" என்ற நிபந்தனை புதிதாக முளைக்கும். இங்கே வழக்கறிஞரைவிட, காலிசெய்து போகும் வாடகைதாரருக்குச் செல்வாக்கு அதிகம். "உங்களை மாதிரி யாராவது இருந்தா சொல்லுங்க" என்று வீட்டுக்காரர் கேட்கும் அந்த நாளில், வீடு தேடும் முஸ்லிம் சக ஊழியரின் பெயரைச் சொல்லுங்கள். சொல்லுமுன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். வீட்டுக்காரரின் மனநிலையையும் நீங்களே முன்கூட்டி அறிந்துகொள்ளுங்கள். மனைவி மக்களோடு படியேறி வந்து அவர் இன்னொரு முறை அந்தப் பதிலைக் கேட்கக் கூடாது.