பைக் பழகும்போது செய்யும் தவறுகள்: முதலில் நிற்கத் தெரிய வேண்டும்

அப்பா, அண்ணன், மாமா, கூடப் படித்த நண்பன். நம்மில் பலருக்கு பைக் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் இவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். அவருக்கு நன்றாக ஓட்டத் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்பது வேறு கேள்வி. பழகும்போது நடக்கும் தவறுகளில் பாதி, கற்றுக்கொடுப்பவரிடமிருந்தே வருகின்றன.

அதில் மோசமானது முன் பிரேக்கைப் பற்றிய பயம். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அது மனதில் பதிந்து, பல வருடம் ஓட்டியவர்கள்கூடப் பின் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டிருப்பார்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்பக்கம் சாய்கின்றன. முன் டயர் தரையில் அழுந்தி நன்றாகப் பிடிக்கிறது; பின் டயர் லேசாகிவிடுகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் வசதி) இல்லாத வண்டியில் லேசான பின் சக்கரம் சுழலாமல் இறுகிச் சறுக்கும், அவ்வளவுதான்.

தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட், தன் குழுவோடு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார். அறிக்கை 1981-ல் வந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவே கற்றவர்கள், அல்லது வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ஆபத்து வந்த நொடியில் அவர்களில் பெரும்பாலோர் செய்தது என்ன தெரியுமா? பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கியிருந்தார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை.

பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போதோ, மணல் கிடக்கும் இடத்திலோ முன் பிரேக்கைப் படக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வோம். தவறு பிரேக்கில் இல்லை, படக்கென்று பிடிப்பதில் இருக்கிறது. வண்டி நேராக இருக்கும்போது, முதலில் மெதுவாக அழுத்தி, எடை முன்னால் வந்ததும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கூடவே பின் பிரேக்கும். காலியான மைதானத்தில், குறைந்த வேகத்தில், இது கைக்குப் பழகும் வரை திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

இதனால்தான் முதல் பாடம் கிளப்புவதாக இருக்கக் கூடாது, நிறுத்துவதாக இருக்க வேண்டும் என்கிறேன். எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு, நியூட்ரலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, முன் பிரேக் எவ்வளவு அழுத்தினால் எப்படி நிற்கிறது என்று பார்த்தாலே பாதி பயம் போய்விடும். வண்டியின் எடையும் பிடிபடும். ஆனால் இதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஏறி உட்கார்ந்ததும் "கியரைப் போடு, கிளட்சை விடு" என்பார்கள்.

கிளட்சை "விடு" என்பதுதான் அடுத்த வம்பு. படக்கென்று விட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகும், இல்லையென்றால் பாயும். கிளட்ச் லீவரை மெதுவாக விடும்போது ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி நகரப் பார்க்கும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். அங்கே கையை நிறுத்தி வைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே முதல் கியரில் வண்டியை ஊர்ந்து போகவிட்டுப் பழகினால் பயம் விட்டுப்போகும். பெரும்பாலான பைக்குகளில் இது சாத்தியம்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. அதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கிளட்சை வேகமாக விட்டதும் வண்டி முன்னால் பாய்கிறது, உடம்பு பின்னால் போகிறது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருப்பதால் வலது கையும் உடம்போடு இழுபடுகிறது. ஆக்ஸிலரேட்டர் இன்னும் முறுக்கிக்கொள்கிறது. வண்டி இன்னும் வேகமாகப் பாய, கை இன்னும் இறுகும். சுவரில் போய் மோதும் வரை இது நிற்காது. தப்பிக்க எளிய வழி, இடது கையால் கிளட்சை முழுவதும் பிடிப்பது. எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்கு விசை போகாது. பக்கத்தில் நிற்பவரோ பதறிப்போய் "பிரேக், பிரேக்!" என்று கத்துவார். "கிளட்ச்!" என்ற ஒரு சொல்லை மட்டுமே கத்துவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. வலது மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால், தெரியாமல் முறுக்கினாலும் அதிகம் போகாது.

ஏற்கெனவே ஸ்கூட்டர் ஓட்டியவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக். பைக்கில் அதுவே கிளட்ச். நிறுத்துவதாக நினைத்து இடது கையை மட்டும் அழுத்தினால் வண்டி தன் போக்கில் உருண்டுகொண்டே போகும்.

கற்றுக்கொடுப்பவர் பின்னால் ஏறி உட்காருவதும் நல்ல யோசனையல்ல. பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் கற்றுக்கொள்பவருக்கு ஓர் ஆள் எடை கூடுகிறது, அந்த ஆள் வேறு அசைந்துகொண்டே இருப்பார். பின்னால் இருப்பவரால் கிளட்சையோ பிரேக்கையோ ஒழுங்காகப் பிடிக்கவும் முடியாது. எடை கூடும் என்பதால், கனமான பெரிய வண்டியில் தொடங்குவதும் வேண்டாம். உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும்.

அப்புறம் பார்வை. புதிதாக ஓட்டுபவர்கள் முன் சக்கரத்தையோ ஸ்பீடோமீட்டரையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள், அல்லது மோதிவிடுவோமோ என்று பயப்படும் கம்பத்தை. வண்டி பார்க்கும் திசையில்தான் போகும். அத்தனை பெரிய மைதானத்தில் ஒரே ஒரு மரம் இருந்தால் அதில் போய் முட்டுவது இப்படித்தான். போக வேண்டிய இடத்தை, வளைவு என்றால் அதன் முடிவை, தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

வளைவில் இன்னொன்றும் இருக்கிறது. கொஞ்சம் வேகம் வந்த பிறகு வலப்பக்கம் திரும்ப, ஹேண்டில்பாரின் வலது பக்கத்தை லேசாக முன்னால் தள்ள வேண்டும். முன் சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் போக, வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். நம்பாதவர்கள் நிறையப் பேர். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் ஒருவரும் சைக்கிள் கடை வைத்திருந்தவருமான வில்பர் ரைட், எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுபவர்களிடம் விசாரித்திருக்கிறார்; சரியாகச் சொன்னவர் எவருமில்லை. உடம்பு தானாகச் செய்துகொள்கிறதே, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். திடீரென்று குறுக்கே ஏதாவது வந்தால் தெரியும். ஹர்ட் ஆராய்ந்த விபத்துகளில் இப்படித் தள்ளி விலகும் திறமை ஏறக்குறைய காணவே இல்லை.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. ஓடும்போது காலைத் தொங்கவிடுவது, எந்நேரமும் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டுவது, சைடு ஸ்டாண்டை எடுக்க மறப்பது. மைதானம்தானே என்று ஹெல்மெட் போடாமல் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுவதற்கு அதிக வாய்ப்பு அங்கேதான்.

வண்டி நகர்ந்துவிட்டது, கியரும் விழுகிறது என்றதும் மறுநாளே நெரிசலான சாலைக்குப் போக மனம் துடிக்கும். கணக்கைப் பாருங்கள்: 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40-க்குப் போனால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 40-ல் போகும்போது ஒரு நொடி யோசித்தால் 11 மீட்டர் கடந்துவிடும். முதலில் ஆள் நடமாட்டம் குறைந்த தெரு, பகல் வெளிச்சம், காய்ந்த சாலை. பின்னால் ஆள் ஏற்றுவது இப்போதைக்கு வேண்டாம்.

ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே அறிக்கையின்படி, விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். நண்பனின் பைக்கை வாங்கினால், தெருமுனை தாண்டும் முன் கிளட்ச் எங்கே பிடிக்கிறது, முன் பிரேக் எவ்வளவு இழுக்கிறது என்று இரண்டு மூன்று தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள்.