கங்கு வெளுக்கட்டும், அப்புறம் கறியை வையுங்கள்

கரி கறுப்பாக இருக்கும்போதே இறைச்சியைக் கம்பி வலையில் அடுக்கிவிடாதீர்கள். பற்றவைத்து 20, 25 நிமிடம் விடுங்கள். மேலே வெள்ளைச் சாம்பல் படர்ந்து, உள்ளே செக்கச்செவேலென்று கனல வேண்டும். அதுதான் பதம்.

அப்புறம் கங்குகளை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். மறுபக்கம் காலியாகவே இருக்கட்டும். கொழுப்பு சொட்டிக் குப்பென்று தீ எழும்பினால், துண்டுகளைக் காலிப் பக்கம் நகர்த்தினாலே போதும். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில்தான் ஒட்டும் (பட்டுத் தெரிந்துகொண்டது!).

கோழி என்றால் உட்புறம் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். வெளியே கருகியதைப் பார்த்து வெந்துவிட்டதென்று நம்பாதீர்கள். இறக்கி 5 நிமிடம் கழித்து வெட்டினால் சாறு அவ்வளவாக வழியாது.

மழையே வந்தாலும் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.