மார்பக மறுசீரமைப்பு: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோயால் மார்பகத்தை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும் அதே வாரத்தில், மறுசீரமைப்பு, அதாவது எடுத்த இடத்தில் மார்பக உருவத்தை மீண்டும் அமைக்கும் ஆபரேஷன், வேண்டுமா என்ற கேள்வியும் வந்து நிற்கும். 'முதல்ல உயிர் பிழைக்கட்டும், மத்ததெல்லாம் அப்புறம்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பல தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. மறுசீரமைப்பை ஆண்டுகள் கழித்துக்கூடச் செய்துகொள்ளலாம். அதைப் பற்றிய பேச்சை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

மார்பகத்தை எடுக்கும் அதே ஆபரேஷனில் உடனடி மறுசீரமைப்பு என்று முன்பே திட்டமிட்டால், மார்பகத் தோலையும், கட்டி இருக்கும் இடம் அனுமதித்தால் காம்பையும் விட்டுவைத்து உள்ளே இருக்கும் திசுவை மட்டும் எடுக்கலாம். திட்டம் இல்லையென்றால் உபரித் தோலையும் நீக்கித் தட்டையாகத் தைத்துவிடுவார்கள். பின்னால் மனம் மாறினால், தோலை மெல்ல விரிக்கவோ உடலின் வேறிடத்திலிருந்து கொண்டுவரவோ நேரும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்துவிடுங்கள். கூடவே, முழு மார்பகத்தையும் எடுத்தே ஆக வேண்டுமா என்றும் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். தொடக்க நிலையில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் நடந்த ஆய்வுகள் 2002-இல் உறுதிசெய்தன.

என் பார்வையில் ஆகப் பெரிய தவறு, ரேடியேஷனைக் கணக்கில் எடுக்காமல் முறையைத் தேர்ந்தெடுப்பது. மார்பக உருவத்துக்காக உள்ளே பொருத்தும் செயற்கைப் பையான சிலிக்கான் இம்ப்ளான்ட் வைப்பது ஒப்பீட்டளவில் சிறிய ஆபரேஷன், சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதால் பலரும் அதை நோக்கிப் போகிறார்கள். இம்ப்ளான்டைச் சுற்றி உடல் தானாகவே ஓர் உறையை உருவாக்கும். ரேடியேஷன் பட்டால் அந்த உறை இறுகி, வலியும் வடிவ மாற்றமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. சிலருக்கு இம்ப்ளான்டையே எடுக்க வேண்டிவரும். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து மார்பில் இணைக்கும் முறை இந்த விஷயத்தில் மேலானது. ஆனால் அந்தத் திசுவும் ரேடியேஷனில் சுருங்கக்கூடும் என்பதால், அது முடிந்து சில மாதங்கள் காத்திருக்கச் சொல்லும் சர்ஜன்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், ரேடியேஷன் தேவையா என்பது சில சமயம் அக்குள் நெறிக்கட்டிகளின் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் தெரியும். 'எனக்கு ரேடியேஷன் வர வாய்ப்பு எவ்வளவு? வந்தால் இந்தத் திட்டம் என்ன ஆகும்?' இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொந்தத் திசு என்றதும் சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஆபரேஷன் பல மணி நேரம் பிடிக்கும், தேறிவர வாரக்கணக்கில் ஆகும், வயிற்றிலும் நீண்ட தழும்பு இருக்கும். அடிவயிற்றுத் திசுவை ஒருமுறைதான் இப்படி எடுக்க முடியும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ புகைபிடிக்கும் பழக்கம் இருந்தாலோ புண் ஆறுவது சிரமம். இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இம்ப்ளான்டும் ஆயுள் முழுவதற்குமானது அல்ல. சிலிக்கான் வைத்தவர்கள் 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் ஸ்கேனும், பிறகு 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. மேற்பரப்பு சொரசொரப்பான இம்ப்ளான்டுகளோடு அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புபட்டிருப்பதால், இம்ப்ளான்ட் தயாரிக்கும் அலர்கன் நிறுவனம் 2019-இல் தன் பயோசெல் வகையைத் திரும்பப் பெற்றது. வைக்கப்போவது வழவழப்பானதா என்று கேட்டுவிடுங்கள்.

'இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?' என்பது அறுபதைத் தாண்டிய பெண்களுக்குக் கிடைக்கும் பதில். உடல்நிலை சரியாக இருந்தால் வயது மட்டும் தடையே இல்லை. இளம்பெண்களிடம் இதுவே தலைகீழாகிறது, கணவருக்காகவும் ஊருக்காகவும் செய்துகொள்ளச் சொல்லி நெருக்குகிறார்கள். இரண்டுமே தவறு. வேண்டாம் என்று சொல்வதும் முழுமையான ஒரு தேர்வுதான். அப்படியானால் 'மடிப்பு இல்லாமல் தட்டையாகத் தைத்துக் கொடுங்கள்' என்று முன்கூட்டியே கேளுங்கள். உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கான் மார்பகமும், நூலில் பின்னியதும் கிடைக்கின்றன.

பழைய மார்பகமே திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பவர்களின் ஏமாற்றம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் பல நேரம் யாரும் அவர்களிடம் முன்பே சொல்வதில்லை. உருவம் வரும், தொடு உணர்வு பெரும்பாலும் வராது. காம்பு அமைக்க, மறுபக்கத்தோடு சமப்படுத்த என்று இன்னும் ஓரிரு ஆபரேஷன்கள் தேவைப்படலாம். அந்த சர்ஜனே செய்த நோயாளிகளின் படங்களை, சரியாக அமையாதவற்றையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். மறுசீரமைப்பு செய்தால் புற்றுநோய் திரும்பும் என்ற பயத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, அழகு சிகிச்சை என்று நினைத்துக் காப்பீட்டில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்குப் பட்டியலில் அழகு சிகிச்சை இருக்கிறது என்றாலும், புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆபரேஷன் தேதி குறிக்கும் முன், இது புற்றுநோய் சிகிச்சையின் தொடர்ச்சி என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி, இம்ப்ளான்ட் விலைக்கும் இரண்டாம் கட்ட ஆபரேஷனுக்கும் பணம் உண்டா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.