பபூன் மாதிரி ஏறணும்னு வர்றவங்க பண்ற தப்புகள்

புதுசா க்ளைம்பிங் கத்துக்க வர்ற பசங்க ஃபோன்ல ஒரு வீடியோ கண்டிப்பா இருக்கும். தென்னாப்பிரிக்காவுலயோ எத்தியோப்பியாவுலயோ ஒரு செங்குத்துப் பாறை, பொழுது சாயுற நேரம், ஒரு கூட்டம் பபூன் குரங்கு சர்ருனு அதுல ஏறும், சிலதோட வயித்துல குட்டி வேற தொங்கும், ரோப் கிடையாது ஷூ கிடையாது. "அண்ணே இத பாத்தீங்களா, இதுக்கு முன்னாடி நாம எல்லாம் என்னத்த ஏறுறோம்"னு ஆரம்பிப்பாங்க. தாராளமா பாக்கட்டும், நானும் மணிக்கணக்குல பாத்துருக்கேன். பாத்துட்டு அதுலேர்ந்து எடுத்துக்குற பாடம் தான் உதைக்குது. வருஷா வருஷம் ஆள் மாறுது, பாடம் மட்டும் மாறல, நானும் ஒரு காலத்துல அந்தக் கூட்டத்துல இருந்தவன்தாங்குறதால கூடவே எரிச்சலும் வருது. முடிச்சு சரியா போடு, ஹார்னஸ் பக்கிள் செக் பண்ணு மாதிரி விஷயமெல்லாம் இங்க கிடையாது, அத முதல் நாளே யாராவது சொல்லிக் குடுத்துருப்பாங்க.

எடைய மறந்துட்டு பலத்த மட்டும் பேசுறது

குரங்குக்கு மனுஷன விட அஞ்சு மடங்கு பலம், பத்து மடங்கு பலம்னு யாராவது அடிச்சு விடுவாங்க. சிம்பன்சி தசைய எடுத்து 2017ல ஒரு ஆய்வு பண்ணாங்க, அதே அளவு மனுஷத் தசைய விட கிட்டத்தட்ட 1.35 மடங்கு தான் பவர் அதிகம்னு வந்துச்சு, அதுவும் வேகமா சுருங்குற நார் அதுல ஜாஸ்திங்குறதால. அதனால மந்திரத் தசைன்னு ஒண்ணு தேடாதீங்க. பாறைல நீங்க பாக்குறதுல பெரிய பங்கு சைஸோட வேலை. தென்னாப்பிரிக்கா பக்கம் இருக்குற சாக்மா பபூன்ல நல்லா வளந்த ஆண் சுமார் 30 கிலோ, பெண் அதுல பாதி. உடம்பு பெருசாகப் பெருசாக எடை ஏறுற வேகத்துக்கு தசையோட பலம் ஏறாது, ஏன்னா பலம் தசையோட குறுக்களவப் பொறுத்தது, எடை மொத்த கன அளவப் பொறுத்தது. 70 கிலோ ஆளு 15 கிலோ பெண் பபூன் கூட போட்டி போடுறேன்னா அது ஆரம்பத்துலயே தோத்த கணக்கு. ஜிம்ல எட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு சிரிச்சுக்கிட்டே ஏறிப் போறதும், கீழ ஜிம்பாடி அண்ணன் ஒருத்தர் முழிச்சுக்கிட்டு நிக்கிறதும் இதே கதைதான்.

கைலதான் எல்லாம் இருக்குன்னு நம்புறது

இந்தத் தப்புக்காகத்தான் எழுதவே உக்காந்தேன்.

வீடியோவ சாதாரண ஸ்பீடுல பாத்தா கை தான் கண்ணுல படும். கை நீளுது, புடிக்குது, உடம்பு மேல போகுது. உடனே "கை பலம், விரல் பலம், இது ரெண்டும் வந்துட்டா போதும்"னு முடிவு பண்ணிடுறாங்க. ஒரு தடவ கால்வாசி ஸ்பீடுல ஓட்டிப் பாருங்க. கை ஒரு விளிம்ப தொட்டு பேலன்ஸ் மட்டும் பண்ணும், கொஞ்ச நேரத்துல அதே விளிம்புக்கு பக்கத்துல பின்னங்கால் வந்து உக்காரும், கால் பெருவிரல் மத்த விரல்லேர்ந்து விலகி அந்த விளிம்ப கட்டைவிரல் மாதிரி கவ்வும், அப்புறம் தொடை நீளும், அப்போ தான் உடம்பு மேல ஏறும். தள்ளுறது பூரா பின்னங்கால். இடுப்பு பாறைக்கு ஒட்டியே இருக்கும். கை விரல் அதுக்கு குட்டை தான், ஏன்னா தரைல விரல ஊணி உள்ளங்கைய தூக்கி நடக்குற பிராணி அது, கிளைக்குக் கிளை தொங்கிக்கிட்டே போற ஜாதியே இல்ல.

இத கவனிக்காதவங்க என்ன பண்றாங்கன்னா, வந்த மூணாவது வாரமே கேம்பஸ் போர்டு பக்கம் போயிடுறாங்க. கால தொங்க விட்டுக்கிட்டு விரல்ல மட்டும் ஏறுற பலகை அது. 1988ல வோல்ஃப்காங் குல்லிச்ங்குற ஜெர்மன் க்ளைம்பர் நியூரம்பர்க்ல இருந்த ஒரு ஜிம்ல செஞ்சது, கேம்பஸ்ங்குற பேரும் அந்த ஜிம்மோடது. அங்க தயாராகித்தான் 1991ல ஆக்ஷன் டிரெக்ட்ங்குற ரூட்ட ஏறினாரு, உலகத்தோட முதல் 9ஏன்னு அதத் தான் சொல்றாங்க (9ஏ, 8சி எல்லாம் ரூட்டு எவ்வளவு கஷ்டம்னு சொல்ற கிரேடு, நம்பர் ஏற ஏற கஷ்டம்). ஆனா அந்தப் பலகைல கை வைக்கும்போது அவர் யாரு? 1987லயே உலகத்துல முதல் 8சி ஏறி முடிச்ச ஆளு. பல வருஷம் பாறைல ஊறின விரல் அது. நம்ம ஆளுக்கு இன்னும் ஷூ கால்ல செட் ஆகல.

போன சீசன்ல ஒரு பையன் வந்தான், நல்ல உடம்பு, இருபது புல்அப் அசால்ட்டா எடுப்பான், கால வைடான்னா "பபூன் எல்லாம் கால பாத்து பாத்து வைக்குதாண்ணே"ன்னு கேட்டான். ஆமாடா, அது கால பாத்துத்தான் வைக்குதுன்னு வீடியோவ நிறுத்தி நிறுத்திக் காமிச்சேன், தலைய ஆட்டிட்டு நேரா அந்தப் பலகைக்கே போயிட்டான். சின்ன விளிம்புல விரல நல்லா மடக்கி, மேல கட்டைவிரல பூட்டு மாதிரி போட்டு, கால் ஆடிக்கிட்டு இருக்கும்போது ஒரு சத்தம், சுள்ளி ஒடியிற மாதிரி, எதிர் செவுத்துல இருந்தவங்களுக்கே கேட்டுச்சு. மோதிர விரல், ஏ2 புல்லி. விரலுக்குள்ள தசைநாண எலும்போட ஒட்டி வச்சிருக்குற பட்டை தான் புல்லி, விரல அப்படி மடக்கிப் பூட்டுறப்போ அதிகமா லோடு விழுறதே அது மேல தான், அதுலயும் மோதிர விரல் தான் எப்பவும் முதல்ல மாட்டுது. முழுசா அறுந்தா மாசக்கணக்குல பாறைப் பக்கமே வர முடியாது. அவன் திரும்பி வரவே இல்ல, அதான் எனக்கு இன்னும் ஆறல.

இதுல கொடுமை என்னன்னா தசை சீக்கிரம் வளந்துடும், புல்லியும் தசைநாணும் ரொம்ப மெதுவா தான் கெட்டிப்படும். அதனால பலம் இருக்குற ஆளுக்குத் தான் இது முதல்ல நடக்குது, ஒல்லிப் பசங்க ஹோல்ட, அதாவது கைப்பிடிய, புடிக்க முடியாம விழுந்து தப்பிச்சுடுறாங்க. பபூன் கிட்டேர்ந்து ஒண்ணே ஒண்ணு திருடணும்னா அதோட கால திருடுங்க. ஸ்லாப்ல, அதாவது சாஞ்ச பாறைல, கைய நெஞ்சு உயரத்துக்கு மேல தூக்காம ஏறிப் பழகுங்க. முதல் வருஷம் கேம்பஸ் போர்டு அங்க இருக்குறதே தெரியாத மாதிரி கடந்து போங்க.

வெறுங்கால்

நம்ம கால் பெருவிரல் நேரா நிக்கிது, கவ்வாது. ஷூ போடுங்க.

வால்

பபூன் வால் எதையும் புடிக்காது. அந்த வசதி அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகள்ல சிலதுக்கு மட்டும்தான்.

எல்லாப் பாறையிலயும் அது தான் ஜெயிக்கும்னு நினைக்கிறது

ஓவர்ஹேங், அதாவது நம்ம பக்கமா வெளிய சாஞ்ச பாறை, வந்தா கதை மாறும். பபூனுக்கு தோள்பட்டை எலும்பு நெஞ்சோட பக்கவாட்டுல இருக்கு, கை முன்னும் பின்னும் ஓடுறதுக்கு அமைஞ்சது. நமக்கு அது முதுகுல இருக்கு, கைய தலைக்கு மேல நேரா தூக்கி சுழட்டலாம், வாலில்லாக் குரங்கு வம்சத்துச் சொத்து அது. ஆடம் ஓண்ட்ராங்குற க்ளைம்பர் 2017ல நார்வேல சைலன்ஸ்ங்குற ரூட்ட ஏறினாரே, குகைக் கூரைல தலைகீழா முட்டிய செருகி ரெஸ்ட் எடுத்துக்கிட்டு, அந்த மாதிரி ஒண்ண எந்த பபூனும் ஏறும்னு எனக்குத் தோணல. ஏற வேண்டிய அவசியமும் அதுக்கு இல்ல, அது போறது சிறுத்தை கைக்கு எட்டாத ஒரு திட்டுல உக்காந்தே தூங்குறதுக்கு. பின்னாடி காய்ச்ச மெத்தை மாதிரி தோல் இருக்குறது அதுக்கும் தான்.

வேகத்த காப்பி அடிக்கிறது

அது யோசிக்காம ஏறுதுன்னு நினைக்கிறோம். அந்தப் பாறை அதோட பெட்ரூம். ஹமாத்ரியாஸ் பபூன் இருக்குற எத்தியோப்பியா, சவுதி மாதிரி வறண்ட இடத்துல நல்ல பாறை கிடைக்கிறதே கஷ்டம், பல கூட்டம் ஒரே பாறைல வந்து தூங்கும், அம்மா வயித்தப் புடிச்சுக்கிட்டு இருக்கும்போதே குட்டிக்கு அந்த வழி பழக்கம். மனுஷங்களும் அப்படித்தான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 15 மீட்டர் செவுத்த 4.74 செகண்ட்ல ஏறினாங்கன்னா, அந்த ரூட்டு உலகம் பூரா ஒண்ணே, ஒவ்வொரு ஹோல்டும் மனப்பாடம். அலெக்ஸ் ஹானல்ட்ங்குற க்ளைம்பர் 2017 ஜூன்ல அமெரிக்காவுல இருக்குற எல் கேப்டன்ங்குற பெரிய பாறைய ரோப் இல்லாம 4 மணி நேரத்துக்குள்ள ஏறினதுக்கு முன்னாடி அதே ரூட்ட ரோப்போட எத்தன தடவ ஒத்திகை பாத்தாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. தெரியாத பாறைல ஓடுறது மட்டும் நம்ம ஆளுங்களோட சொந்தக் கண்டுபிடிப்பு.

அது விழவே விழாதுன்னு சொல்றது

கிப்பன் குரங்கு தெரியும்ல, மரத்துல அத அடிச்சுக்க ஆள் இல்ல. அடால்ஃப் ஷுல்ட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் காட்டு கிப்பன் எலும்புக்கூடுகள அடுக்கி வச்சுப் பாத்தப்போ சுமார் மூணுல ஒண்ணுல எலும்பு முறிஞ்சு கூடின தடம் இருந்துச்சு. அதுவும் பொழச்சதோட கணக்கு மட்டும். உங்க ஃபோனுக்கு வர்ற வீடியோல விழுறதெல்லாம் இருக்காது.

இறங்குறத கத்துக்காம விடுறது

அது தினமும் காலைல இறங்கியே ஆகணும், நாம ரோப்ல உக்காந்து வந்துடுறோம். 2023ல வந்த ஒரு ஆய்வு பபூனுக்கு சொந்தக்கார இனமான மாங்கபேயையும் சிம்பன்சியையும் பக்கத்துல வச்சுப் பாத்துச்சு. ஏறுறப்போ ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, இறங்குறப்போ தான் சிம்பன்சி கைய தலைக்கு மேல நல்லா நீட்டி தொங்கித் தொங்கி பிரேக் போட்டு வருது. அதாவது நம்ம தோளும் முழங்கையும் இப்படி வளையுறதுக்கு இறங்குறதும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. அப்படி வந்த தோள வச்சுக்கிட்டு டவுன்க்ளைம்ப் பண்ணச் சொன்னா மூஞ்சிய தூக்கி வச்சுக்குறாங்க. வார்ம்அப் ரூட்ட ஏறின வழியாவே இறங்கிப் பாருங்க, ஒரு வாரத்துல கால் எங்க இருக்குன்னு உடம்புக்கே தெரிய ஆரம்பிக்கும்.

பபூன் இருக்குற பாறைக்கே போறவங்க

மேல கூட்டம் இருந்தா கீழ ஏறாதீங்க, கல்ல உருட்டி விட்டுட்டு அதுபாட்டுக்கு போயிட்டே இருக்கும், ஹெல்மெட் கழட்டவே கூடாது. கேப் டவுன் பக்கம் அதுக்கு சாப்பாடு போடுறது சட்டப்படி குத்தம். சாப்பாட்டுப் பைய பாறைக்கு அடியில விட்டுட்டுப் போகாதீங்க, ஜிப் எல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல.