பெரியப்பாவின் முகம் படத்தில் வந்த கதை

பெரியப்பா கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். 85 மி.மீ. லென்ஸில் அவர் முகத்தை மட்டும் நெருக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவைத் தூக்கியதுமே முகம் விறைத்துவிடும். படத்தில் இருந்தது அவர் சாயலில் வேறு யாரோ.

அப்புறம் அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸுக்கு மாறினேன். மேசை, விளக்கு, கைகள் எல்லாம் படத்துக்குள் வந்தன. ஜன்னல் வெளிச்சம் அவர் மேல் பக்கவாட்டில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி, அசைவு மங்காமல் பதிய. முதல் அரை மணி நேரம் படமே எடுக்கவில்லை, சும்மா பேசிக்கொண்டிருந்தேன். லென்ஸ் மாற்றியதைவிட இதுதான் பலன் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் என்னை மறந்தே போனார். இடுக்கியில் கடுகளவு திருகாணியைப் பிடித்தபடி மூச்சை அடக்கினார்; கீழுதடு பல்லுக்கடியில் போனது. அழுத்தினேன்.

படத்தைப் பார்த்த பெரியம்மா, “வேலையில உட்கார்ந்தா இவர் இப்படித்தான்” என்றார்.