தேன் எடுப்பும் உண்ணி மருந்தும்: நாள் குறிப்பது எப்படி?

தேன் அறையைப் பெட்டியின் மேல் ஏற்றிவிட்டால் தேனீக்களைத் தொற்றி வாழும் வர்ரோவா உண்ணிக்கான மருந்துகளில் பெரும்பாலானவற்றை உள்ளே வைக்க முடியாது. வைத்தால் தேனில் இறங்கும். தேன் எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாலோ, அதற்குள் உண்ணி பெருகிக் கூட்டம் நலிந்துவிடும். தேனீ வளர்க்கத் தொடங்கும் எல்லாருமே "எந்த மருந்து நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், நாள்தான் முதலில். மருந்து அதற்குப் பிறகு. தேன் எடுக்கும் நாளைக் குறித்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். எந்த மருந்து என்பது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும்.

இங்கே சொல்வது இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு. வர்ரோவா உண்ணிக்குப் பூர்வீகம் ஆசியாவின் அடுக்குத் தேனீக் கூடுகள். அந்தத் தேனீ உண்ணியோடு நெடுங்காலம் பழகியது, பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். இத்தாலியத் தேனீயால் அது முடியாது. நாம் கவனிக்காவிட்டால் கூட்டமே போய்விடும்.

முதலில்: உண்ணி எங்கே ஒளிகிறது?

கண்ணறைக்கு மெழுகு மூடி போடுவதற்குச் சற்று முன்பு, தாய் உண்ணி முதிர்ந்த புழுவோடு உள்ளே புகுந்துகொள்ளும். மூடி விழுந்த பின் அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். பணித் தேனீயின் கண்ணறை ஏறக்குறைய 12 நாள் மூடியிருக்கும். ஆண் தேனீயுடையது 14 முதல் 15 நாள் மூடியிருப்பதால் அங்கே இன்னும் அதிகக் குஞ்சுகள் தேறும். உண்ணி அதைத்தான் தேடிப் போகும். புழு வளர்ப்பு மும்முரமாக நடக்கும் காலத்தில் கூட்டிலுள்ள உண்ணிகளில் பெரும்பகுதி இந்த மூடிகளுக்குக் கீழேதான் இருக்கும். தேனீயின் மேல் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான்.

பெரும்பாலான மருந்துகள் மூடியைத் தாண்டி உள்ளே போகாது. ஆகவே மருந்து பல வாரம் கூட்டில் இருக்க வேண்டும், அல்லது மூடியை ஊடுருவும் மருந்தாக இருக்க வேண்டும், அல்லது மூடிய புழுவே இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுதான் ஒவ்வொரு முறையும் நம் முன்னால் நிற்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தேன் வரத்து ஓய்ந்ததும் இராணி முட்டையைக் குறைக்கும், தேனீக்களின் எண்ணிக்கை இறங்கும். உண்ணிகளின் எண்ணிக்கை அப்படி இறங்காது. அத்தனை உண்ணியும் குறைந்துபோன தேனீக்களின் மேலும் புழுக்களின் மேலும் குவியும். சிறகு சுருங்கும் வைரஸையும் அவை பரப்பும். நிறையத் தேன் கொடுத்த பலமான பெட்டி சில வாரங்களிலேயே சரிந்து விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

படி 1: நாட்காட்டியில் இரண்டு நாள்

உங்கள் பகுதியில் பூப்பு எப்போது தொடங்கும், தேனை எப்போது எடுப்பீர்கள் என்று இரண்டு நாட்களைக் குறியுங்கள். தோராயமாக இருந்தால் போதும். பக்கத்தில் பல ஆண்டுகளாகத் தேனீ வளர்ப்பவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

படி 2: எண்ணிப் பாருங்கள்

எண்ணாமல் மருந்து வைப்பது வேண்டவே வேண்டாம். புழு அறையிலிருந்து, மூடாத புழுக்கள் உள்ள ஒரு சட்டத்தை எடுங்கள். அதில் இராணி இல்லை என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு, தேனீக்களை ஒரு தொட்டியில் உதறுங்கள். 120 மில்லி அளவுள்ள கிண்ணத்தில் நிறைய அள்ளினால் ஏறக்குறைய 300 தேனீக்கள் வரும். அவற்றை ஆல்கஹால் உள்ள ஜாடியில் போட்டு ஒரு நிமிடம் நன்றாகச் சுழற்றி, வலையில் வடிகட்டி, கீழே இறங்கிய உண்ணிகளை எண்ணுங்கள். வந்த எண்ணை 3-ஆல் வகுத்தால், 100 தேனீக்கு எத்தனை உண்ணி என்று தெரியும்.

300 தேனீக்கள் சாவது மனத்தை உறுத்தும். நல்ல இராணி உச்சக் காலத்தில் ஒரே நாளில் 1,000 முட்டைக்கு மேல் இடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முடியவே முடியாது என்றால் பொடித்த சர்க்கரையில் உருட்டி எண்ணலாம். தேனீக்கள் பிழைக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவாகக் காட்டக்கூடும்.

100-க்கு 3 என்றால் மருந்து தேவை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. பூப்புக்கு முந்தைய எண்ணிக்கையில் நான் 2 இருந்தாலே மருந்து வைத்துவிடுவேன். புழு வளர்ப்பு நடக்கும்போது உண்ணி ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். தேன் வரத்து மாதங்களில் நம் கை கட்டப்பட்டிருக்கும்.

படி 3: பூப்புக்கு முன்

இங்கேதான் நாள் கணக்கு பிசகும். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்துப் பட்டைகள் கூட்டில் 6 முதல் 8 வாரம் இருக்க வேண்டும். எடுத்த பிறகு தேன் அறை ஏற்ற 2 வாரம் பொறுக்கச் சொல்லும் லேபிள்களும் உண்டு. மொத்தம் 8 முதல் 10 வாரம். பேச்சுக்கு மார்ச் 15-இல் பூப்பு என்று வைத்துக்கொள்வோம். 10 வாரம் பின்னால் போனால் ஜனவரி 4. பிப்ரவரியில் நினைவு வந்தால் அந்த மருந்துக்கு நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

அப்போது ஃபார்மிக் அமிலப் பட்டைகளைப் பார்க்கலாம். அவை 2 முதல் 3 வாரத்தில் முடியும், மூடிய கண்ணறைக்குள்ளும் போகும். ஆனால் பகல் வெப்பம் 10 முதல் 29 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெயில் அதிகமான நாளில், குறிப்பாக முதல் மூன்று நாட்களில், இராணியை இழக்க நேரலாம். கூட்டின் வாசலையும் முழுதாகத் திறந்து வைக்க வேண்டும். தைமால் என்ற மணமுள்ள மருந்துக்கு வெதுவெதுப்பு தேவை, 4 முதல் 6 வாரமும் தேவை. அதன் மணம் தேனில் ஏறிவிடும் என்பதால் தேன் அறையோடு அதைச் சேர்க்கவே கூடாது.

படி 4: தேன் வரத்தின் நடுவில்

மாதம் ஒருமுறை எண்ணுங்கள். தேன் அறை இருக்கும்போதே வைக்க அனுமதிக்கப்பட்ட மருந்துகள் சில உண்டு. ஃபார்மிக் அமிலப் பட்டைகள் பல நாடுகளில் அப்படித்தான், ஆக்ஸாலிக் அமிலத்துக்குச் சில நாடுகளில் அனுமதி உண்டு. உங்கள் நாட்டில் பதிவான லேபிள் சொல்வதுதான் சட்டம். இணையத்தில் யாரோ சொன்ன அளவை நம்பி அமிலத்தைக் கலக்காதீர்கள்.

மருந்தே இல்லாத வழி ஒன்று: ஆண் தேனீ அடையை வைத்து, மூடி விழுந்ததும், தேனீக்கள் வெளிவருவதற்கு முன் வெட்டி எடுத்துவிடுவது. முட்டையிலிருந்து வெளிவர 24 நாள். மறந்துவிட்டால் நீங்களே உண்ணி வளர்த்துக் கொடுத்தது போலாகிவிடும்.

எண்ணிக்கை 100-க்கு 5-ஐத் தாண்டினால்? காத்திருக்காதீர்கள். மூடிய தேன் அடைகளை எடுத்துக்கொண்டு தேன் அறையை இறக்கி, மருந்தைத் தொடங்குங்கள். சில கிலோ தேன் போகட்டும். கூட்டம் இருந்தால் அடுத்த பூப்பில் திரும்பக் கிடைக்கும்.

படி 5: இராணியை அடைத்து வைக்கும் வழி

எனக்கு மிகவும் பிடித்தது இது. முட்டை பணித் தேனீயாக வெளிவர 21 நாள். அதன் பிறகு கூட்டு வேலை முடித்து வயலுக்குப் பறக்க இன்னும் மூன்று வாரம் போல ஆகும். ஆகவே வரத்தின் கடைசி வாரங்களில் இடப்படும் முட்டையால் இந்த மகசூலுக்கு ஒரு துளித் தேனும் சேராது. தேன் எடுப்பதற்கு 25 நாள் முன்பு இராணியை அதற்கென உள்ள கூண்டில் அடைத்து, புழு அறையிலேயே வைத்துவிடுங்கள். கூண்டின் இடைவெளி வழியே பணித் தேனீக்கள் அதற்கு ஊட்டும். 25 நாளில் எல்லாக் கண்ணறையும் காலியாகிவிடும். இடையில் தேனீக்கள் புது இராணியை வளர்க்கும் அறை கட்டியிருந்தால் அகற்றிவிடுங்கள்.

அன்று தேனை எடுங்கள், இராணியை விடுங்கள், ஒரு வாரத்துக்குள் ஆக்ஸாலிக் அமிலம் கொடுங்கள். புதிய புழுவுக்கு மூடி விழ 8 அல்லது 9 நாள் ஆகும். அதுவரை உண்ணிக்கு ஒளிய இடமில்லை. சொட்டு முறையில் பழக்கத்தில் உள்ள அளவு: சம எடை சர்க்கரையும் நீரும் கலந்த 1 லிட்டர் பாகில் 35 கிராம் ஆக்ஸாலிக் அமிலம், இரண்டு சட்டங்களுக்கு இடையே 5 மில்லி, ஒரு கூட்டத்துக்கு 50 மில்லிக்கு மேல் கூடாது. அமிலக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆவியாகக் கொடுப்பதென்றால் அமிலப் புகைக்கான முகமூடி இல்லாமல் பெட்டியருகே போகாதீர்கள்.

படி 6: தேன் எடுத்த கையோடு

இராணியை அடைக்காதவர்களுக்கும் இதுதான் ஆண்டின் முக்கியமான மருந்து. குளிர் நாடுகளில் குளிர்காலத்தைத் தாண்டப்போகும் தேனீக்கள் இந்த நாட்களில்தான் புழுவாக வளரும். குளிர் இல்லாத இடங்களில் பஞ்சகாலத்தைத் தாங்க வேண்டிய கூட்டம் இது. ஒரு மாதம் தள்ளினால் நலிந்த தேனீக்களே பிறக்கும்.

தேன் பிழிந்த ஈர அடைகளைத் தேனீக்கள் நக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் இரண்டொரு நாள் மாலையில் கொடுத்துத் திரும்ப எடுத்துவிடுங்கள். மருந்து அதன் பிறகுதான் உள்ளே போக வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வையுங்கள்; வரத்து ஓய்ந்த காலத்தில் தேனீக்கள் நலிந்த கூட்டில் திருடப் போய் உண்ணியையும் சேர்த்துக் கொண்டுவரும்.

மருந்து இருந்தபோது புழு அறையில் இருந்த சட்டங்களின் தலையில் மார்க்கரால் ஒரு குறி போடுங்கள். அடுத்த பருவத்தில் அவற்றைத் தேன் அறைக்கு மாற்றாதீர்கள். அங்குள்ள தேன் தேனீக்களுக்கு. அதைப் பிழிய வேண்டாம். ஃப்ளூவாலினேட், கூமாஃபாஸ் போன்ற உண்ணி மருந்துகள் மெழுகிலேயே தங்கும், பல இடங்களில் உண்ணிக்கு அவை பழகியும் போய்விட்டன.

படி 7: மறுபடியும் எண்ணுங்கள்

மருந்துக் காலம் முடிந்ததும் அதே முறையில் 300 தேனீக்களை எண்ணுங்கள். 100-க்கு 1-க்குக் கீழே வந்திருந்தால் நல்லது. 3-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் அதே மருந்தைத் திரும்ப வைக்காமல் வேறு வகைக்கு மாறுங்கள். தேதி, பெட்டி எண், மருந்து, முன்னும் பின்னும் எண்ணிய எண்ணிக்கை ஆகியவற்றைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதிவையுங்கள். அடுத்த பூப்புக்கு முன் நாள் குறிக்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.