தோல் ஜாக்கெட்டும் ஹட்டன் மழையும்

என் முதல் தோல் ஜாக்கெட்டை அடுப்புக்கு மேலே காயப்போட்டுத்தான் நாசமாக்கினேன். ஹட்டனில் பாதையோரம் பழைய உடுப்பு விற்பவரிடம் பேரம் பேசி வாங்கியது. பழசுதான், ஆனால் நல்ல கனமான மாட்டுத்தோல். ஜூன் மாதம் ஒரு பின்னேரம், மோட்டார் சைக்கிளில் தலவாக்கலையிலிருந்து கொட்டகலை வந்து சேர்வதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் விறகடுப்புக்கு மேலே கொடி கட்டியிருக்கும், மழைக்காலத்தில் எல்லா உடுப்பும் அதில்தான் காயும். ஜாக்கெட்டையும் அதிலேயே தொங்கவிட்டேன். காலையில் எடுத்தால் பலகை மாதிரி நிற்கிறது. கை இரண்டும் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டன. முழங்கையை மடித்துப் பார்த்தேன், ஜனவரிப் பனியில் வெடித்த குதிகால் மாதிரிப் பிளந்தது.

அம்மாச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார். “நாங்க கம்பளியப் போத்திக்கிட்டுத்தான் மலைக்குப் போனோம். வந்து இதே அடுப்புலதான் காய வச்சோம். அதுக்கு ஒண்ணும் ஆகலயே” என்றார். கம்பளிக்கு ஆகாதுதான். தோல் வேறு சங்கதி. பதனிடும்போது தோலின் நார்களுக்கு இடையே எண்ணெய் ஏற்றுவார்கள், அதனால்தான் அது மடங்கும், வளையும். நனைந்து காயும்போதெல்லாம் அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. ஈரத்தோடு சூடும் பட்டால் நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்த எண்ணெயைப் பூசினாலும் பழைய நிலைக்கு வராது.

இரண்டாவது ஜாக்கெட் வாங்கியதும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சப்பாத்துத் தைக்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். தண்ணீர் புகாமல் முழுக்க மெழுகு பூசித் தரச் சொன்னேன். அவர் தோலைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. தோள்பட்டையை இரண்டு பக்கமும் இழுத்து, தையலை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊசி போன ஒவ்வொரு துளையும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. “தண்ணி தோலுக்குள்ளால வரல்ல தம்பி, இதுக்குள்ளாலதான் வருது.” அவர் தைக்கும் நூலைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு தேன்மெழுகுக் கட்டியில் இழுத்து எடுத்துத்தான் ஊசியில் கோர்க்கிறார். அந்தக் கட்டியில் நூல் ஓடி ஓடி ஆழமான கோடுகள் விழுந்திருந்தன.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உங்களுடையது என்ன தோல் என்று பாருங்கள். மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் மேல்பூச்சு நன்றாக இருக்கிறது, தையலை மட்டும் கவனித்தால் போதும். உறிஞ்சிக் கறுத்தால் மெழுகு கேட்கிறது. வெல்வெட் மாதிரி மயிர் எழும்பி நிற்கிற சுவேட் என்றால் மெழுகே கூடாது, அதற்கென்று விற்கிற ஸ்ப்ரே மட்டும்தான். காற்றுப் போகத் துளை போட்ட ஜாக்கெட்டுக்கு எதைப் பூசியும் பயனில்லை. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து நுவரெலியா வருகிறவர்கள் பலர் அதைத்தான் போட்டு வருகிறார்கள், நானுஓயா தாண்டும்போது நடுங்குகிறார்கள்.

மெழுகுக்கு முன்னால் அழுக்கை எடுக்க வேண்டும். தோள், முழங்கையில் இருக்கும் குஷன்களைக் கழற்றிவிட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். கழுத்துப்பட்டியில் வியர்வை உப்பு இருக்கும், அங்கே தோலுக்கான சோப்பைக் கொஞ்சம் நுரைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் திரும்ப எடுங்கள். சலவைத்தூளும் சுடுதண்ணீரும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு நாள் நிழலில் தொங்கட்டும். ஈரத் தோலின் மேல் மெழுகு பூசினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

கடையில் தோலுக்கென்றே விற்கிற மெழுகு கிடைத்தால் அதை வாங்குங்கள். நான் வீட்டில் செய்கிறேன்: தேன்மெழுகு ஒரு பங்கு, லனோலின் இரண்டு பங்கு, நிறைப்படி. லனோலின் என்பது செம்மறியாட்டு மயிரில் இயற்கையாக இருக்கிற கொழுப்பு. ஆடு மழையில் நின்றும் ஊறிப்போகாததற்கு அதுவும் ஒரு காரணம். அம்மாச்சியின் கம்பளிப் பேச்சை நான் முழுதாகத் தள்ளாததும் அதனால்தான். தேன்மெழுகு 63 பாகை செல்சியஸ் அளவில் உருகும், நேரே தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளலாம். சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் ஒரு டின்னை இறக்கி உருக்குங்கள். ஆறினால் கெட்டிப் பசை மாதிரி வரும்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் போத்தலுக்குள் குச்சி விட்டு நோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதைவிட, நாள் போனால் சிக்கு நாற்றம் அடிக்கும், பூஞ்சணமும் பிடிக்கும்.

பூசும்போது பயறு அளவு மெழுகை விரலில் எடுத்து, கைச்சூட்டில் இளக்கி, வட்டமாகத் தேயுங்கள். நிறம் கறுக்கும், அதனால் முதலில் உள்மடிப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தோலுக்கு மெல்லிய பூச்சு போதும், தடித்துப் பூசினால் தூசிதான் ஒட்டும். நேரத்தைத் தையலில் செலவழியுங்கள். பழைய பல் பிரஷில் மெழுகைத் தொட்டு, தையல் ஓடுகிற திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. தோள்பட்டை, கையின் முன்பக்கம், சிப்பின் இரண்டு ஓரம், மடியில் தண்ணீர் தேங்குகிற இடம், இந்த நான்கும் முக்கியம். உலோகச் சிப்பின் பல்லில் மெழுகுதிரியைத் தேய்த்தால் இறுகாமல் ஓடும். நூல் நைந்திருந்தால் பூசுவதை விட்டுவிட்டுத் தைக்கக் கொடுங்கள். விழுந்தால் முதலில் விடுவது தையல்தான். ஒரு இரவு கழித்து உலர்ந்த துணியால் மினுங்கத் துடைத்தால் வேலை முடிந்தது.

இவ்வளவு செய்தாலும் வட்டவளைப் பக்கம் பெய்கிற மழைக்கு அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். நான் சீட்டுக்குக் கீழே மழைக்கோட்டு வைத்திருக்கிறேன், தூறல் பெருக்கும்போதே நிறுத்தி ஜாக்கெட்டுக்கு மேலே போட்டுக்கொள்வேன்.

நனைந்தே விட்டால்? துண்டால் ஒற்றி எடுங்கள், பிழிய வேண்டாம். பைகளைக் காலியாக்கி, சிப்பைத் திறந்துவிட்டு, அகலமான ஹேங்கரில், காற்றோட்டமான அறையில் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாள் எடுக்கும், எடுக்கட்டும். அடுப்பு, வெயில், முடி உலர்த்தும் மெஷின் ஒன்றுமே வேண்டாம். காய்ந்ததும் மெல்லிசாக ஒருமுறை மெழுகு. சப்பாத்துக்குள் பேப்பரைச் சுருட்டித் திணித்து, ஊறினதும் மாற்றுங்கள். கிளவுஸ் முக்கால்வாசி காய்ந்ததும் கையில் போட்டு விரல்களை மடக்கி நிமிர்த்தினால் அளவு மாறாது. ஆனால் உள்ளங்கையில் மெழுகு பூசாதீர்கள், பிரேக் வழுக்கும்.

ஹட்டன் பக்கம் இருக்கிறவர்கள் சித்திரைப் புத்தாண்டு லீவில் பூசிவிடுங்கள், மே கடைசியில் தென்மேல் மழை வந்துவிடும். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு ஒக்டோபர் தொடங்கியதுமே பூசிவிடுவதுதான் சரி.

பூஞ்சணம் பிடித்தால் வீட்டுக்கு வெளியே, வாயைக் கட்டிக்கொண்டு, உலர்ந்த துணியால் தட்டுங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மறைவான இடத்தில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு. பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்குள் வைத்தால் அடுத்த மாதம் திரும்பவும் வரும். பழைய பருத்திச் சேலையால் மூடி, சுவரில் படாமல் தொங்கவிடுங்கள். என்னுடையது அம்மாச்சியின் சேலைக்குள்தான் தொங்குகிறது, அடுப்பிலிருந்து நல்ல தூரத்தில்.